பெரியவர்களுக்கு வீட்டில் துணை தேவையா? ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்

போனில் கேட்டால் "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். கடலூரில் திருப்பாதிரிப்புலியூரிலோ முதுநகரிலோ அப்பா அம்மாவை விட்டுவிட்டுச் சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம். அதனால் கேட்காதீர்கள், பாருங்கள். காலையில் வந்து சாயங்காலம் பஸ் ஏறினால் ஒன்றும் பிடிபடாது. பிள்ளை வருகிறான் என்றதும் வீட்டைப் பெருக்கி மீன் குழம்பும் வைத்துவிடுவார்கள். ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

1. அடுப்படி

அடிப்பிடித்த பாத்திரங்கள், ஃப்ரிட்ஜில் பூசணம் பிடித்த குழம்பு, இருப்பது மறந்து மறுபடி வாங்கிய துவரம்பருப்பு பாக்கெட்டுகள் கண்ணில் படுகின்றனவா? மூன்று வேளையும் சமைத்தவர் காப்பியும் பிஸ்கட்டுமாக ஓட்டுகிறாரா? ரவிக்கை தொளதொளவென்று தொங்கினால் எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் காரணமில்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் 3 கிலோ இறங்கியிருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2. மாத்திரை

மருந்துக்கடை பில்லில் தேதி இருக்கும். அன்றிலிருந்து எத்தனை போட்டிருக்க வேண்டும், அட்டையில் எத்தனை மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். அதிகம் மிஞ்சினால் மறக்கிறார். சீக்கிரம் தீர்ந்திருந்தால் போட்டதை மறந்து இன்னொன்று போடுகிறார், சர்க்கரை மாத்திரையில் இது நடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். காலை, மதியம், இரவு என்று தனித்தனி அறை உள்ள டப்பா வாங்கி வையுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால் எல்லை தாண்டி புதுச்சேரியின் பாகூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பொருந்தாது.

3. நடை

இதற்குத்தான் ராத்திரி தங்கச் சொன்னேன். பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விளக்கு போடுகிறாரா, சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாரா? பிடிக்கிறார் என்றால் பகலில் அந்தச் சுவரைப் பாருங்கள், கை படும் உயரத்தில் வரிசையாக அழுக்குத் தடம் இருக்கும்.

பகலில் ஒரு சின்ன சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். கைத்தடி வைத்திருப்பவர் அதோடே நடக்கலாம், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழுகிற ஆபத்து உண்டு. பாத்ரூமில் கைப்பிடி, வழியில் நைட் லேம்ப், இந்த இரண்டையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே பொருத்திவிடுங்கள்.

4. மறதி

கண்ணாடியைத் தேடுவதெல்லாம் நமக்கும் உள்ளதுதான். வருஷக்கணக்காகப் போய்வந்த மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியவில்லை, கரண்ட் பில் கட்ட விட்டுப்போகிறது என்றால் கவனிக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசினால் கதையே வேறு. மூத்திரத் தொற்றோ உப்புச்சத்து குறைவோகூட இப்படிச் செய்யும். "வயசாயிடுச்சு" என்று விடாமல் அன்றைக்கே மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரியில் இருந்தால் ஜிப்மருக்கோ கூட்டிப்போங்கள்.

5. பேச்சு

"இனிமே நீங்க தனியா இருக்க முடியாது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "பாத்திரம் தேய்க்க மட்டும் காலையில ஒரு ஆள் வரட்டும்மா" என்று சின்னதாகக் கேளுங்கள். அதற்குப் பழகிய பிறகு சமையல், அப்புறம் ராத்திரித் துணை. யாரைக் கேட்பது என்றே புரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567 இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவியும் உங்கள் நம்பரும் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.