தொட்டிச் செடிக்குக் குச்சி ஊன்றும்போது

ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மொட்டை மாடியில் ஒரு செடியும் நேராக நிற்காது. உடனே கிடைத்த கம்பை ஊன்றி அடியிலிருந்து நுனி வரை இறுக்கிக் கட்டிவிடுவோம். வேண்டாம். தண்டு கொஞ்சம் ஆடினால்தான் தடிக்கும்; விறைப்பாகவே நிறுத்திய கன்று கட்டை அவிழ்த்ததும் சாய்ந்துவிடும்.

கொய்யா, எலுமிச்சை, செம்பருத்தி மாதிரித் தானே நிற்க வேண்டியவற்றுக்கு ஒரு கட்டு போதும். எங்கே கட்டுவது? தண்டை இரண்டு விரலால் பிடித்துக் கீழிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள், தலை தானாக நிமிர்ந்து நிற்கிற இடம் ஒன்று வரும், அதற்குச் சற்று மேலே கட்டினால் சரி. நடும்போதே குச்சியை ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறும். இந்தப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதால் குச்சியும் மேற்குப் பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் தண்டு அதில் உரசாது. பச்சை முருங்கைக் கம்பை மட்டும் ஊன்றாதீர்கள், அது துளிர்த்துக்கொண்டு தொட்டியில் பங்கு கேட்கும்!

கட்டுவதற்கு வாழைநார்தான் என் கட்சி. நனைத்து, 8 போலச் சுற்றி, முடிச்சைக் குச்சிப் பக்கம் போடுங்கள். நடுவில் விரல் நுழைய வேண்டும். கம்பியும் பிளாஸ்டிக் கயிறும் தண்டு பருக்கப் பருக்க உள்ளே வெட்டும், நார் அதற்குள் இற்றுப்போகும்.

கொடிகளுக்கு விஷயம் தலைகீழ். நல்லமிளகு, மணி பிளான்ட், பெரிய கிழிந்த இலைகளோடு அழகுக்கு வளர்க்கும் மான்ஸ்டெரா எல்லாம் கணுவில் வேர் விட்டுப் பற்றி ஏறுபவை, ஆகவே கணு கம்பத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், கம்பம் ஈரமாகவும் இருக்க வேண்டும். பிவிசி குழாயில் தென்னைநார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்றினால் அருமையான கம்பம். கயிறுக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன? மான்ஸ்டெராவில் தண்டைக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள், இலை வெளிச்சத்தைத் தேடித் தானே திரும்பிக்கொள்ளும். நல்லமிளகில் நேராக ஏறும் கொடியை மட்டும் கட்டினால் போதும். பக்கவாட்டில் வரும் கிளைகளில்தான் காய் பிடிக்கும், அவற்றில் பற்றுவேர் இருக்காது, அப்படியே தொங்க விடுங்கள்.

ஆடிக்காற்றில் கயிறு சீக்கிரம் காயும், காலையும் மாலையும் கம்பத்தின் தலையில் தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த வேலையும் இல்லை.