தெரிந்த செய்தியிலிருந்து ஆங்கிலம்: தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து மதுரைக் கல்லூரிகளில் சேரும் மாணவர்களுக்கு, முதல் பருவத்திலேயே பாடநூலும் விரிவுரையும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது அப்போது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. தமிழ் நாளிதழில் படித்துப் புரிந்துகொண்ட ஒரு கல்விச் செய்தியை அன்றே ஆங்கில நாளிதழிலும் படிப்பதே அதைவிட நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து. செய்தி முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் மொழியின் மீது நிற்கும். உதவித்தொகை, சேர்க்கை, தேர்வு பற்றிய செய்தி என்பதால், படித்தது உங்களுக்கே பயன்படும்.

இதற்கு ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் போதும். நாளிதழ் வாங்க இயலாதவர்கள் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்துக்கோ, புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ செல்லலாம். கீழே ஆங்கில எடுத்துக்காட்டுகளை வாசிப்பு எளிமைக்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

முதல் படி: செய்தியைத் தேர்ந்தெடுத்தல்

ஐந்தாறு வாக்கியங்களுக்கு மிகாத சிறு செய்தியாக இருக்கட்டும். தலையங்கமும் நீண்ட கட்டுரைகளும் இப்போது வேண்டா. முதலில் தமிழில் படித்து, யார், எங்கே, எப்போது, என்ன செய்தார் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தலைப்பைக் கடைசியில் படித்தல்

ஆங்கிலச் செய்தித் தலைப்புகளுக்குத் தனி இலக்கணம் உண்டு. நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள்; 'எ', 'த' போன்ற சிறு சொற்களை விட்டுவிடுவார்கள்; நடக்கவிருப்பதை 'டு' சேர்த்துக் காட்டுவார்கள். கலைஞர் நூற்றாண்டு நூலகம் காமராசர் பிறந்தநாளான 2023 ஜூலை 15 அன்று திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் தலைப்பிட்டால் 'சி.எம். டு ஓப்பன் லைப்ரரி இன் மதுரை' என்றும், மறுநாள் தலைப்பிட்டால் 'சி.எம். ஓப்பன்ஸ் லைப்ரரி இன் மதுரை' என்றும் அமையும். செய்தியின் உள்ளேயோ 'த சீஃப் மினிஸ்டர் ஓப்பன்ட் த லைப்ரரி' என்று முறையான இறந்தகாலம் வரும். தலைப்பின் நடையைப் பின்பற்றிப் பேசப் பழகினால் வாக்கியம் பிழைபடும் என்பதால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: வினைச்சொல்லைக் கண்டுபிடித்தல்

இந்த முறையின் உயிர்நாடி இதுவே. ஆகவே, அவசரப்படாமல் செய்யுங்கள். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். இறுதிவரை காத்திருந்து பொருள் கொள்ளும் பழக்கத்தோடு ஆங்கில வாக்கியத்தைப் படிப்பவர், வினையைக் கவனிக்காமல் கடந்து சென்று நடுவழியில் தடுமாறுகிறார்.

உயர்கல்வியில் சேரும் ஆண் மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் உதவித்தொகைத் திட்டமான தமிழ்ப் புதல்வன் திட்டத்தைப் பற்றிய வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஸ்டடீட் இன் கவர்ன்மென்ட் ஸ்கூல்ஸ் ஃப்ரம் க்ளாஸ் சிக்ஸ் டு ட்வெல்வ் வில் கெட் ஒன் தவுசண்ட் ருபீஸ் எ மன்த்.' அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவர்கள் மாதம் 1,000 ரூபாய் பெறுவார்கள் என்பது இதன் பொருள். தமிழில் 'படித்த' என்னும் அடைமொழித் தொடர் மாணவர்களுக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் அது 'ஹூ' என்று தொடங்கி மாணவர்களுக்குப் பின்னால் வருகிறது. 'ஹூ' முதல் 'ட்வெல்வ்' வரை பென்சிலால் ஓர் அடைப்புக்குறி இடுங்கள். எஞ்சி நிற்பது 'ஸ்டூடன்ட்ஸ் வில் கெட் ஒன் தவுசண்ட் ருபீஸ் எ மன்த்' என்னும் எளிய வாக்கியம். அதில் 'வில் கெட்' என்பதன் கீழ்க் கோடிடுங்கள். எவ்வளவு நீண்ட வாக்கியமானாலும், இப்படி அடைப்புக்குறியும் அடிக்கோடும் இட்டால் அதன் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

வேற்றுமை உருபையும் அப்போதே கவனியுங்கள். 'மதுரையில்' என்பதில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிய உருபு, 'இன் மதுரை' என்பதில் தனிச்சொல்லாக முன்னால் வந்து நிற்கிறது.

நான்காம் படி: உரக்கப் படித்தல்

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். முதுகு, பை, மூட்டை கட்டுதல் என்று பொருள்படும் மூன்று வெவ்வேறு ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தில் 'பேக்' என்றே ஆகிவிடுகின்றன. வல்லின எழுத்து ஒன்றே பல ஒலிகளைத் தாங்குவதுதான் காரணம். அகராதிச் செயலியில் உள்ள ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்டு, உடனே திருப்பிச் சொல்லுங்கள். சொல்லின் இறுதியில் 'பஸ்ஸு', 'புக்கு' என்று உகரம் சேராமல் நிறுத்தப் பழகுவதும் இங்கேதான் நடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தன் வாக்கியமாக மாற்றுதல்

கோடிட்ட வாக்கியங்களில் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே உங்களைப் பற்றிய வாக்கியமாக மாற்றி எழுதுங்கள். 'ஐ ஆம் எலிஜிபிள் ஃபார் திஸ் ஸ்கீம் பிகாஸ் ஐ ஸ்டடீட் இன் எ கவர்ன்மென்ட் ஸ்கூல்' என்று எழுத வந்துவிட்டால், கல்லூரி அலுவலகத்தில் அதே வாக்கியத்தைப் பேசவும் முடியும். பொறியியல் சேர்க்கைக் காலத்தில், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தம்பிக்கோ தங்கைக்கோ ஆங்கிலத்தில் விளக்கும் மூன்று வாக்கியங்களை எழுதிப் பாருங்கள்.

ஆறாம் படி: பேசுதல்

குறிப்பேட்டை மூடிவிட்டு, செய்தியை மூன்று வாக்கியங்களில் நண்பரிடம் சொல்லுங்கள். நண்பர் கிடைக்காத நாளில் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். நண்பர் நடுவில் திருத்த வேண்டா. முடித்த பிறகு ஒரே ஒரு பிழையை மட்டும் சுட்டிக்காட்டட்டும், ஏனெனில் புதிதாகப் பேசுபவரை ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தினால் அவர் வாய் திறப்பதையே விட்டுவிடுவார். மூன்று வாக்கியங்களும் தடையின்றி வரத் தொடங்கியதும், தமிழில் முன்பே படிக்காத செய்தி ஒன்றை ஆங்கிலத்தில் முதலில் படித்து, புரிந்தது சரிதானா என்று தமிழ் நாளிதழைக் கொண்டு சரிபார்க்கத் தொடங்கலாம்.