ஈறைத் திறக்காமல் இம்ப்ளான்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் இம்ப்ளான்ட் (பல் போன இடத்தில் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைக்கக் கற்கிறவர்கள் மூன்றாவது கேஸிலேயே ஃப்ளாப்லெஸ் முறைக்கு, அதாவது ஈறை மடலாக (ஃப்ளாப்) கீறித் திறக்காமல் வைக்கும் முறைக்குத் தாவுகிறார்கள். நானும் அப்படித் தாவியவன்தான். பாடப்புத்தகத்தில் இருக்கும் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஈறின் அகலத்தை எலும்பின் அகலமாக நம்புவது

இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். "மேடு நல்லா அகலமா இருக்கு சார், பஞ்ச் பண்ணி வெச்சிடலாம்" என்பார்கள். பஞ்ச் என்றால் ஈறில் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுப்பது. விரலுக்குத் தட்டுப்படுவது எலும்பும் அதைப் போர்த்திய ஈறும் சேர்ந்த அகலம். ஈறு தடித்திருக்கும் இடத்தில் எலும்பு கத்தி விளிம்பாக மெலிந்திருக்கலாம்.

நான் இப்படி ஏமாந்தது ஒரு நோயாளியின் மேல்தாடை முன்கடைவாய்ப்பல் இடத்தில். பதினைந்து நிமிட வேலை. தையல் இல்லை, வீக்கம் இல்லை, மறுநாளே அவர் வேலைக்குப் போனார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம். நாலு மாதம் கழித்து கன்னப் பக்க ஈறில் சாம்பல் நிழல். விரல் வைத்தால் திருகின் புரிகள் நெருடின. எக்ஸ்ரே அழகாகத்தான் இருந்தது. சாதாரணப் படத்தில் கன்னப் பக்கமும் அண்ணப் பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், ஓட்டை எங்கே தெரியும்? ஈறைத் திறந்தால் நான்கு புரிகள் எலும்புக்கு வெளியே. இம்ப்ளான்டை எடுத்து, எலும்புத்தூள் வைத்து, அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. செலவு என்னுடையது, அவஸ்தை அவருடையது.

சிபிசிடி (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுக்கும்போது உதட்டையும் கன்னத்தையும் பஞ்சுருளை வைத்து விலக்குங்கள். ஈறின் கனம் தனியாகத் தெரியும். கன்னப் பக்கம் 1.5 மி.மீ. எலும்பாவது மிஞ்சாது என்றால் ஃப்ளாப்தான். கீழ்த்தாடையின் பின்பகுதியில் நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கியிருக்கும். அங்கே துளைத்துவிட்டால் நாக்கின் அடியில் ரத்தம் கட்டி மூச்சே அடைபடலாம். கண்ணை மூடிக்கொண்டு துளையிடுகிற இடமில்லை அது.

ஈறின் கனத்தைக் கணக்கில் விடுவது

ஈறு 3 மி.மீ. இருந்தால், 10 மி.மீ. குழிக்கு ட்ரில்லின் 13 மி.மீ. கோடு ஈறின் மேல்மட்டத்தில் நிற்க வேண்டும். கைடு (ட்ரில்லுக்கு வழிகாட்ட வாயில் வைக்கும் அச்சு) ஈறின் கனத்தை ஏற்கனவே கூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முறை கூட்டினால் நரம்பில் போய் நிற்பீர்கள்.

கெட்டி ஈறை வெட்டி எறிவது

கெட்டி ஈறு குறைவாக இருந்தால் பஞ்ச் எடுக்காதீர்கள். கீறி, இரு பக்கமும் ஒதுக்குங்கள்.

தண்ணீர் போகிறது என்று நினைப்பது

எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதம்தான். கைடு மூடியிருக்கும்போது குளிர்விக்கும் சலைன் (உப்புநீர்) உள்ளே சரியாக இறங்காது. ட்ரில்லை அடிக்கடி வெளியே எடுங்கள்.

திறந்தாலே பாதுகாப்பு என்பது

ஃப்ளாப்பை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஒரு வாரத்தில் பிரியும்.