வீட்டுக் கணினிப் பராமரிப்புக்கு இலவச மென்பொருள்: தேர்வும் பயன்பாடும்

வீட்டில் இருக்கும் விண்டோஸ் கணினியைப் பராமரிக்க எவரும் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. வேண்டிய கருவிகளில் பாதிக்கு மேல் விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. எஞ்சிய வேலைகளுக்கு நல்ல இலவச நிரல்கள் நான்கைந்து போதும். ஆனால் கணினி மெதுவாகிவிட்டது என்று இணையத்தில் தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் படுபவை அந்த நான்கைந்தும் அல்ல. ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சீராக்கித் தருவதாகச் சொல்லும் நிரல்களே முன்னால் வந்து நிற்கின்றன. நிறுவிய சில நொடிகளில் அவை நூற்றுக்கணக்கான பிழைகளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிவப்பு எழுத்தில் காட்டும். அவற்றை நீக்கக் கட்டணம் கேட்கும். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை இணையதளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் குக்கிகளும் தற்காலிகக் கோப்புகளும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிட்ட பழைய பதிவுகளுமே. ரெஜிஸ்ட்ரியில் பயனற்ற பதிவுகள் சில கிடப்பதால் கணினியின் வேகம் குறைவதில்லை. அதைத் துப்புரவாக்கும் நிரல்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

ஆகவே எதை நிறுவலாம் என்பதற்கு என் முதல் அளவுகோல் இது: நிரல் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ய வேண்டும், அந்த வேலை நடந்ததா என்பதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். வட்டின் உடல்நிலையைக் காட்டுவது, கோப்புகளை நகலெடுப்பது, இடத்தை எது அடைக்கிறது என்று காட்டுவது ஆகியவை அப்படிப்பட்ட வேலைகள். "கணினியை வேகப்படுத்துவது" அப்படிப்பட்டதல்ல.

எந்த நிரலை நம்புவது, எங்கிருந்து எடுப்பது

காசில்லாமல் கிடைக்கும் நிரல்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப், வட்டில் இடத்தை எது அடைக்கிறது என்று காட்டும் வின்டிர்ஸ்டாட், துப்புரவு செய்யும் பிளீச்பிட் போன்றவை திறமூல நிரல்கள். அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம். ஒருவர் கைவிட்டால் மற்றொருவர் தொடரலாம். வின்டிர்ஸ்டாட்டின் வேலையையே செய்யும் விஸ்ட்ரீ, கணினி தொடங்கும்போது இயங்குபவற்றைக் காட்டும் ஆட்டோரன்ஸ் போன்றவை விலையின்றிக் கிடைத்தாலும் மூலநிரல் மூடப்பட்டவை. உரிமையாளர் நினைத்தால் நாளையே நிலைமை மாறலாம். வட்டு முழுவதையும் பிம்பமாக, அதாவது உள்ளது உள்ளபடியே நகலாக எடுத்து வைக்கப் பலர் பல ஆண்டுகள் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு ஆதரவை இழந்தது. அதே வேலையைச் செய்யும் குளோன்ஜில்லாவும் ரெஸ்கியூஜில்லாவும் திறமூலமாக இருப்பதால் இன்னும் கிடைக்கின்றன. இரண்டு நிரல்கள் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தால் திறமூலமானதையே எடுங்கள். உரிம நிபந்தனையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்: விஸ்ட்ரீ போன்றவை தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம், வீட்டுக் கணினியிலேயே கடைக்கணக்கும் பார்ப்பவர்களுக்கு அந்த நிபந்தனை பொருந்தாமல் போகலாம்.

நிரலைத் தேர்ந்தெடுப்பதைவிட அதை எங்கிருந்து பதிவிறக்குகிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் விளம்பரங்களை இதற்காக ஒருபோதும் சொடுக்காதீர்கள். கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் நிரலின் பெயரில் 2023 அக்டோபரில் கூகுளில் ஒரு போலி விளம்பரம் வந்தது. அது காட்டிய முகவரியில் முதல் எழுத்தின் கீழே ஒரு சிறு குறி மட்டுமே கூடுதலாக இருந்தது. திரையில் ஒட்டிய தூசி என்றே பார்ப்பவர் நினைத்திருப்பார். சொடுக்கியவர்களுக்குக் கிடைத்தது தீநிரல், அதாவது கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல். பெயர்பெற்ற பதிவிறக்கத் தளங்களும் எப்போதும் நம்பிக்கைக்கு உரியவையாக இருந்ததில்லை. திறமூல நிரல்களின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2015இல் படங்களைத் திருத்தும் கிம்ப் நிரலின் விண்டோஸ் பதிப்பை விளம்பர நிரல்களோடு சேர்த்து வழங்கியது. 2016இல் உரிமையாளர் மாறிய பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. நிரலின் விக்கிபீடியா பக்கத்தில் உள்ள அதிகாரப்பூர்வத் தள இணைப்பு வழியாகச் செல்வதும், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்தால் அங்கிருந்தே எடுப்பதும் பாதுகாப்பான வழிகள். பதிவிறக்கிய கோப்பைத் திறப்பதற்கு முன் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை ஒரே பக்கத்தில் காணலாம். நிறுவும்போது "கஸ்டம்" என்ற தெரிவு இருந்தால் அதையே எடுத்து, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் உலாவிப் பட்டைகளின் டிக் குறிகளை நீக்குங்கள். நிறுவத் தேவையில்லாத "போர்ட்டபிள்" பதிப்பு கிடைக்குமானால் அதுவே மேல்.

இவ்வளவு செய்தாலும் முழுக் காப்பு கிடைத்துவிடாது. 2017 ஆகஸ்டில் வெளியான, சிகிளீனர் என்ற துப்புரவு நிரலின் 5.33 பதிப்புக்குள் தாக்குநர்கள் தீநிரலைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அது அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே, தயாரிப்பாளர் யார் என்பதை உறுதிப்படுத்தும் செல்லுபடியான எண்ணிமக் கையொப்பத்தோடு, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தனை பேரும் நிரலை எடுத்த இடம் சரியான இடம்தான். கணினியில் நிரல்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த நிகழ்ச்சியே முதன்மையான காரணம்.

முதல் வேலை பேக்கப்

பராமரிப்பு என்றதும் துப்புரவில் இறங்குவது பலருக்கும் வழக்கம். அதற்கு முன், இழந்தால் திரும்பக் கிடைக்காத கோப்புகள், அதாவது புகைப்படங்கள், சான்றிதழ் நகல்கள், கணக்குகள், பிள்ளைகளின் படிப்புக் கோப்புகள் ஆகியவை வேறொரு வட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு நான் பரிந்துரைப்பது ஃபிரீஃபைல்சிங்க் என்ற திறமூல நிரல். இடப்பக்கம் கணினியின் கோப்புறை, வலப்பக்கம் வெளிப்புற ஹார்டு டிஸ்கின் கோப்புறை என்று காட்டிவிட்டு "கம்பேர்" அழுத்தினால், எவை புதியவை, எவை மாறியவை என்ற பட்டியல் வரும். அதன் பிறகு "சிங்க்ரனைஸ்" அழுத்த வேண்டும்.

இங்கே ஒரு தெரிவைப் புரிந்துகொண்டே தொட வேண்டும். "மிரர்" முறை வலப்பக்கத்தை இடப்பக்கத்தின் அச்சாக ஆக்கிவிடும். கணினியில் தவறுதலாக அழித்த கோப்புறை அடுத்த முறை பேக்கப்பிலிருந்தும் போய்விடும். "அப்டேட்" முறை புதியதையும் மாறியதையும் மட்டும் நகலெடுக்கும், வலப்பக்கத்தில் எதையும் அழிக்காது. வீட்டுக்கு அதுவே பொருத்தம். ஆனாலும் மாறிய கோப்பு பழையதன் மேல் எழுதப்படும் என்பதால், அமைப்புகளில் "வெர்ஷனிங்" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பழைய நகல்களுக்கென ஒரு கோப்புறையைக் காட்டிவிடுங்கள். ஒப்பிட்டு வரும் பட்டியலையும் வெறுமனே கடந்துவிடாதீர்கள். பத்துப் பதினைந்து புதிய படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் மாறியிருப்பதாகக் காட்டினால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உள்ளே புகுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்தி வெளிவட்டைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் வட்டைக் கழற்றி வைப்பதும் இதற்காகத்தான், எப்போதும் செருகியே இருக்கும் வட்டையும் அத்தகைய தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும்.

பல விண்டோஸ் 11 கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அப்படி இருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே அதைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். தாய்ப்பலகை பழுதாகி வட்டை மட்டும் வேறு கணினியில் மாட்டும் நாளில், அந்த எண் இல்லாமல் ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது.

வட்டின் உடல்நிலை

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஜப்பானிய நிரலாளர் ஒருவர் உருவாக்கிய இந்தத் திறமூல நிரல், வட்டு தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் படித்துக் காட்டுகிறது. திறந்ததும் இடப்பக்கம் மேலே ஒரு பெட்டி தெரியும்: நீலமாக இருந்தால் நலம், மஞ்சளாக இருந்தால் எச்சரிக்கை, சிவப்பாக இருந்தால் மோசம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால் எஞ்சிய ஆயுள் விழுக்காடாகவும் தெரியும்.

சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்தால் கீழேயுள்ள அட்டவணையில் மூன்று வரிகளைத் தேடுங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. கடைசிப் பத்தியில் இருக்கும் எண்கள் பதினாறடிமான முறையில், அதாவது இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து இருப்பதால் முதலில் குழப்பும்; "ஃபங்ஷன்" பட்டியலில் "அட்வான்ஸ்டு ஃபீச்சர்" என்பதன் கீழ் "ரா வேல்யூஸ்" சென்று பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்றும் சுழியமாக இருப்பதே நல்லது. 05இல் சிறிய எண் ஒன்று மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் அதைக் கண்காணித்தால் போதும். அது ஏறிக்கொண்டே போனாலோ சி5 சுழியத்தைத் தாண்டினாலோ புதிய வட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அந்த நிலையில் பிழை திருத்தும் கருவிகளை ஓட்டாதீர்கள். நலிந்த வட்டை முழுவதுமாகப் படிக்க வைப்பது அதன் கடைசி மூச்சையும் பறித்துவிடலாம். முதலில் மிக முக்கியமான கோப்புறையை நகலெடுங்கள், பிறகு அடுத்தது.

நீல நிறத்தைப் பார்த்து முழு நிம்மதி கொள்வதும் தவறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளை ஆராய்ந்து கூகுளின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை ஸ்மார்ட் பதிவுகளில் எந்த முன்னறிவிப்பும் காட்டாமலேயே செத்துப்போயின. பேக்கப்பை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இடம், தொடக்கம், தீநிரல்

இடம் போதவில்லை என்றால், எதையும் அழிப்பதற்கு முன் எது அடைத்திருக்கிறது என்று பாருங்கள். வின்டிர்ஸ்டாட் வட்டு முழுவதையும் வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும்; பெரிய கட்டம் என்றால் பெரிய கோப்பு. பெரும்பாலும் அகப்படுபவை பழைய வீடியோக்களும் கைப்பேசியின் பேக்கப்புகளும் மறந்துபோன பதிவிறக்கங்களுமாகத்தான் இருக்கும். அவற்றை நீங்களே தேர்ந்தெடுத்து அழிக்கலாம். ஆனால் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எதையும், குறிப்பாக வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறையை, கையால் தொடாதீர்கள். ஒரே கோப்பு பல இடங்களில் கணக்கிடப்படுவதால் அது உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். தற்காலிகக் கோப்புகளையும் பழைய புதுப்பிப்புகளையும் நீக்க "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "ஸ்டோரேஜ்" என்று சென்றால் போதும். அங்கே "டவுன்லோட்ஸ்" என்ற வரியில் டிக் இருந்தால், உங்கள் பதிவிறக்கக் கோப்புறையே காலியாகும் என்பதை நினைவில் வையுங்கள். எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் நிரல், அதாவது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரல் எதுவும் தேவையில்லை. அதற்கு வேண்டிய டிரிம் வேலையை, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று வட்டுக்குத் தெரிவிப்பதை, விண்டோஸ் தானாகவே செய்கிறது.

கணினி திறக்க நேரமாகிறது என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "ஸ்டார்ட்அப்" பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். அங்கே அகப்படாதவற்றை மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் காட்டும். அதில் "ஹைடு மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பட்டியல் கைக்கு அடங்கும். ஐயமுள்ள வரியை அழிக்காமல் டிக் குறியை மட்டும் எடுங்கள். தவறாகிப்போனால் திரும்ப வைத்துவிடலாம்.

வைரஸ் காப்புக்கு விண்டோஸின் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதுமானது. ஐயம் எழும்போது மட்டும் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பால் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். டிரைவர்களை, அதாவது பிரிண்டர் போன்ற வன்பொருள்களை இயக்கும் சிறு நிரல்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் நிரல்களை முழுமையாக ஒதுக்குங்கள். விண்டோஸ் அப்டேட்டும் கணினி நிறுவனத்தின் தளமுமே அதற்கான இடங்கள். மற்ற நிரல்களைப் புதுப்பிக்க விண்டோஸ் 11இலேயே இருக்கும் விங்கெட் என்ற கட்டளைக் கருவி உதவும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் "விங்கெட் அப்கிரேடு" என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் எவை பழையதாகிவிட்டன என்ற பட்டியல் வந்துவிடும்.

விண்டோஸ் 10இல் நிற்கும் பழைய கணினிகள்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளால் விண்டோஸ் 11க்கு மாற முடியாத கணினிகள் பல, வன்பொருள் அளவில் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளத்தில் வேறு எந்தப் பராமரிப்பு நிரலாலும் அந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது. உலாவி, மின்னஞ்சல், ஆவணங்கள், வீடியோ அளவில் பயன்படுத்துபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நல்ல மாற்று. ரூஃபஸ் நிரலால் அதை ஒரு பென் டிரைவில் எழுதி, வட்டில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு ஆகிய நான்கும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று உறுதிசெய்த பிறகே நிறுவுங்கள். நிறுவியதும் அதில் டைம்ஷிஃப்ட் என்ற நிரலை இயக்கி வைத்தால், ஒரு புதுப்பிப்பு கோளாறாகிப்போனாலும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். டைம்ஷிஃப்ட் இயங்குதளக் கோப்புகளைத்தான் காக்கும், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது இயல்பாகச் சேர்த்துக்கொள்வதில்லை. ஃபிரீஃபைல்சிங்குக்கு லினக்ஸ் பதிப்பும் இருப்பதால் பேக்கப் வேலையை அதே வெளிவட்டில் அங்கும் தொடரலாம்.