மாசுபட்ட காற்றும் இதய நோயாளியின் நடைப்பயிற்சியும்

மாரடைப்பு வந்து மீண்டவருக்கும், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவருக்கும், பைபாஸ் அறுவை சிகிச்சை முடித்தவருக்கும் மருத்துவர் மருந்துச் சீட்டோடு நடைப்பயிற்சியையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறார். வெளியே புகைமூட்டமாக இருக்கும் நாளில் என்ன செய்வது என்பதைச் சிலரே விளக்கமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்களில் ஒரு சாரார் காற்றைப் பற்றிய கவலையே இல்லாமல் வழக்கமான சாலையோரத்தில் நடக்கிறார்கள். இன்னொரு சாரார் அஞ்சி, வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பது பாதுகாப்பாகத் தோன்றினாலும், உடலசைவில்லாத வாரங்கள் இதயத்தைப் பலவீனமாக்கவே செய்யும். ஆகவே பயிற்சியைக் கைவிடாமல், அதன் நேரத்தையும் பாதையையும் வேகத்தையும் காற்றுக்கேற்ப மாற்றிக்கொள்வதே நல்லது.

காற்றிலுள்ள மாசுகளில் இதயத்துக்கு முதல் பகை பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள இத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. அதன் விளைவாக ரத்தக்குழாய்கள் விரியும் திறன் குறைகிறது, ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது, இதயத் துடிப்பின் ஒழுங்கும் பாதிக்கப்படலாம். முன்பு மாரடைப்பு வந்து, பின்னர் நிலைமை சீரான 20 ஆண்களை நீர்த்த டீசல் புகை கலந்த காற்றில் ஒரு மணி நேரம் இருக்கச் செய்து, இடையிடையே மிதமாக சைக்கிள் மிதிக்க வைத்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. சுத்தமான காற்றில் மிதித்தபோது இருந்ததைவிடப் புகையில் மிதித்தபோது, இதயத் தசைக்கு ரத்தம் போதாமையைக் காட்டும் மாற்றம் அவர்களுடைய இசிஜியில் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்க உடலே சுரக்கும் பொருளின் அளவும் குறைந்திருந்தது.

உடலுக்குள் போகும் மாசின் அளவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றில் எவ்வளவு மாசு இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறோம், எவ்வளவு நேரம் இழுக்கிறோம். ஓய்வாக இருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். விரைவு நடையில் அது ஏறக்குறைய 25 லிட்டராகவும், ஓட்டத்தில் 60 லிட்டருக்கு மேலாகவும் உயரலாம். இந்தக் கணக்கில் அரைமணி நேர நடைக்கு 750 லிட்டர்; வெறும் 15 நிமிட ஓட்டத்துக்கே 900 லிட்டர். மூச்சு வாங்கும்போது வாயால் சுவாசிக்கத் தொடங்கிவிடுவதால் மூக்கின் வடிகட்டலும் கிடைக்காமல் போகிறது. மாசு மிகுந்த நாளில் நேரத்தைக் குறைப்பதைவிட வேகத்தைத் தணிப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கைபேசியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: குறியீட்டு எண்ணின் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடும். 150 என்ற எண்ணை அமெரிக்க அளவுகோல் இதய நோயாளிகள் உள்ளிட்டோருக்குத் தீங்கானது என்று வகைப்படுத்துகிறது. இந்திய அளவுகோலில் அது மிதமானது என்ற வகையில் வருகிறது. எனவே பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 24 மணி நேரச் சராசரி, ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. பல நகரங்களில் இந்த அளவு எட்டாக்கனியாகவே இருக்கிறது என்பதால், அதைத் தாண்டிய நாளெல்லாம் நடக்கவே கூடாது என்று கொள்ள வேண்டியதில்லை. எந்த அளவு வரை வெளியே நடக்கலாம், எந்த அளவுக்கு மேல் உள்ளேயே இருந்துவிட வேண்டும் என்ற இரண்டு எல்லைகளை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலைக் காற்று சுத்தமானது என்ற நம்பிக்கை எல்லா நாளுக்கும் பொருந்தாது. காற்றசைவில்லாத குளிர்ந்த விடியற்காலையில் மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்றுவிடுவதால் புகையும் துகளும் தரையோடு தங்கிவிடும். வெயிலேறி அந்த மூடி கலைந்த பிறகு நடப்பதே மேல். குளிர்காற்று ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ஆஞ்சினா (இதயத் தசைக்கு ரத்தம் போதாததால் வரும் நெஞ்சுவலி) உள்ளவருக்கு இது இரட்டை லாபம். கடும் வெயில் காலத்தில் நிலைமை தலைகீழ்: வெயிலில் உருவாகும் ஓசோன் என்ற மாசு வாயு பிற்பகலில் உச்சத்துக்குப் போவதால் அப்போது காலைதான் உகந்தது. எந்தப் பருவமானாலும் வாகன நெரிசல் நேரத்தைத் தவிருங்கள்.

பாதையை மாற்றினால் கிடைக்கும் பலன் பலர் நினைப்பதைவிடப் பெரியது. பெருஞ்சாலையிலிருந்து 100, 200 மீட்டர் உள்ளே தள்ளி நடந்தாலே வாகனப் புகையின் செறிவு வெகுவாகக் குறைந்துவிடும். லண்டனில் 60 வயதைக் கடந்தவர்களை ஒரு நாள் ஹைட் பூங்காவிலும், வேறொரு நாள் அப்போது டீசல் பேருந்துகள் ஓடிய ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கவைத்து ஆராய்ந்தார்கள். அவர்களில் இதய நோயாளிகளும் இருந்தனர். பூங்கா நடையால் தமனிகளின் இறுக்கம் தளர்ந்தது. தெரு நடையில் அந்தப் பலன் பெரிதும் மங்கிப்போனது. சாலையைக் கடந்தே தீர வேண்டுமென்றால், சிக்னலில் புகை கக்கும் பேருந்தின் பின்னால் காத்திருக்காமல் சில அடிகள் பின்வாங்கி நில்லுங்கள்.

முகக்கவசம் அணிவதென்றால் என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை, முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். துணிக்கவசம் நுண்துகளைத் தடுக்கப் போதாது. ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்களை என்95, எஃப்எஃப்பி2 கவசங்களும் தடுக்கா. மூச்சிழுக்கக் கூடுதல் முயற்சி தேவைப்படுவதால், இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கவசத்தோடு பயிற்சி செய்ய வேண்டாம்.

வெளியே போக முடியாத நாளில் வீட்டிலேயே செய்ய நிறைய உண்டு. கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். பத்து முறை எழுந்ததும் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஜன்னல்களைச் சாத்திவையுங்கள்; புகை எழுப்பும் எதையும் அந்நேரம் கொளுத்த வேண்டாம். நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். ஓசோனை வெளியிடும் வகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

எங்கே செய்தாலும் முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி, முடிக்கும்போதும் படிப்படியாகத் தணியுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித் துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், அதை உட்கொள்பவர்களுக்கு நாடியை எண்ணுவதைவிட இந்தச் சோதனையே நம்பகமானது. நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோ ஸ்ப்ரேயோ தரப்பட்டிருந்தால் அது சட்டைப்பையில் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று, உட்கார்ந்து, மருத்துவர் சொன்னபடி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி விலகவில்லையென்றால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டியோட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.