திகில் நாவலையும் அதன் படத்தையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி? 'டிராகுலா', 'நோஸ்ஃபெராட்டு' வைத்து ஒரு செய்முறை

"புத்தகம்தான் நல்லா இருந்துச்சு, படம் சுமார்" என்று ஒரே வரியில் முடிந்துபோகும் ஒப்பீடுகளைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. கொஞ்சம் பெரிதாக எழுதுகிறவர்களும் "படத்தில் இந்தக் காட்சி இல்லை, அந்தப் பாத்திரம் இல்லை" என்று ஒரு பட்டியலைப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். திகில் கதையைப் பற்றி எழுதிவிட்டு, எதைப் பார்த்துப் பயந்தோம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டால் எப்படி?

பினாங்கில் நாங்கள் சிலர் மாதந்தோறும் கூடிப் படிக்கிறோம். அங்கே முதல்முறையாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தரும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதைவிட நல்ல வழி இருக்கலாம். ஆனால் இந்த வழியில் போனவர்கள் யாரும் வெறும் பட்டியலோடு திரும்பி வரவில்லை.

எடுத்துக்கொள்ளும் இணை: பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலும், எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922இல் எடுத்த ஜெர்மன் ஊமைப்படம் 'நோஸ்ஃபெராட்டு'வும். பேலா லுகோசி நடித்த 1931ஆம் ஆண்டுப் படம்தானே பிரபலம் என்று கேட்பீர்கள். அது நாவலிலிருந்து நேராக வரவில்லை, நடுவில் ஒரு மேடை நாடகம் இருக்கிறது. அதை எடுத்தால் மூன்றை ஒப்பிட வேண்டியிருக்கும். முதல் கட்டுரைக்கு அது வேண்டாத சுமை.

படி 1: முழு நாவலைப் பிடியுங்கள்

காப்புரிமை முடிந்த நூல், கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தாளில்தான் படிப்பேன் என்பவர்கள் சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். வாங்குமுன் பொருளடக்கத்தைப் பாருங்கள், 27 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். முதல் அத்தியாயம், டிராகுலாவின் மாளிகைக்குப் போகும் ஜொனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பாகத் தொடங்க வேண்டும். மாணவர்களுக்கென்று சுருக்கி, நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சாதாரணக் கதையாக மாற்றிய பதிப்புகள் உண்டு. அவை இந்த வேலைக்கு உதவவே உதவாது. ஏன் என்பது நான்காம் படியில் புரியும்.

படி 2: படத்தின் சரியான பிரதி

எங்கள் குழுவில் அதிகம் பேர் தடுமாறிய இடம் இது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இணையத்தில் தேடினால் இந்தப் படம் எத்தனையோ இடங்களில் கிடைக்கும், எல்லாம் ஒரே படம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டோக்கர் குடும்பத்தின் அனுமதி வாங்காமல் எடுத்த படம் இது. அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார். 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் பிரதிகளை அழிக்கச் சொன்னது. தப்பிய பிரதிகள் பல நாடுகளில் பலவிதமாக வெட்டுப்பட்டுச் சுற்றின.

அதனால் வரும் முதல் சிக்கல் பெயர்கள். அனுமதி இல்லாததால் டிராகுலாவை ஓர்லோக் என்றும், ஹார்க்கரை ஹுட்டர் என்றும், அவன் மனைவி மீனாவை எலன் என்றும் மாற்றினார்கள். பிறகு ஆங்கிலப் பிரதி தயாரித்தவர்கள் சிலர் இடையில் வரும் எழுத்து அட்டைகளில் டிராகுலா, ஹார்க்கர் என்றே திருப்பிப் போட்டார்கள். ஒரே படத்தை இரண்டு பேர் பார்த்துவிட்டு வெவ்வேறு பெயர்களோடு வந்து நிற்பது இதனால்தான். பெயர் மாற்றத்துக்கு ஆழமான பொருள் தேடி ஒரு பத்தியை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது வேகம். அன்று கேமராவைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். அதை நொடிக்கு 24 சட்டகம் என்று ஓட்டினால் எல்லோரும் ஓடுவதுபோலத் தெரியும். ஹுட்டரை மாளிகைக்கு ஏற்றிப் போகும் குதிரை வண்டியை மட்டும் முர்னாவ் வேண்டுமென்றே இயல்புக்கு மீறிய வேகத்தில் காட்டுகிறார். படம் முழுக்க விரைந்தால் அந்த வண்டியின் விபரீதம் தனியாகத் தெரியாமலே போய்விடும்.

மூன்றாவதுதான் பெரிய வில்லங்கம். எங்கள் குழுவில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, இவன் வெயில் பட்டால் செத்துப்போவான்னு சொல்றாங்க. ஆனா பட்டப்பகல்ல சவப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள நடக்கிறானே?"

அவள் பார்த்தது வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி. அன்றைய பிலிமில் இரவில் வெளிப்புறக் காட்சி எடுப்பது கடினம். பகலில் எடுத்துவிட்டு, அந்தப் பகுதியை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் விளக்கெரியும் அறை, இளஞ்சிவப்பு என்றால் விடியல் என்று அன்றைய பார்வையாளருக்குத் தெரியும். சாயம் போன பிரதியில் எல்லா இரவும் பகலாகிவிடும். "படத்தில் லாஜிக் இல்லை" என்று எழுதப்பட்ட சில விமர்சனங்களுக்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே சாயத்தோடு மீட்டெடுக்கப்பட்ட, சுமார் 94 நிமிடம் ஓடும் பிரதியைத் தேடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற பிரதி கிடைத்தால் மூடிவிடுங்கள்.

பார்ப்பதற்கு வி.எல்.சி. என்ற கணினி மென்பொருள்தான் என் தேர்வு. 'ஈ' (E) விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். இந்த வேலைக்குக் கைப்பேசித் திரை போதாது.

படி 3: முதல் சுற்றில் குறிப்பு எடுக்காதீர்கள்

படியுங்கள், பாருங்கள், பயப்படுங்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூட மனம் வரவில்லை, எந்தக் காட்சியில் உடம்பு சிலிர்த்தது என்பதை மட்டும் முடிந்த பிறகு இரண்டு வரி எழுதி வையுங்கள். கட்டுரையின் விதை அந்த வரிகளில்தான் இருக்கிறது.

படி 4: யாருக்கு என்ன தெரியும்?

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த படி இது.

ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்தியில் சம்பவம். இரண்டாவதில், அந்த நேரத்தில் பாத்திரங்களில் யாருக்கு என்ன தெரியும் என்பது. மூன்றாவதில், நமக்கு என்ன தெரியும் என்பது. கணினியில் அட்டவணை போடுவதைவிடக் கையால் எழுதுவது நல்லது. எழுதும்போதே கதை மனத்தில் பதியும்.

'டிராகுலா' முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, நாளிதழ் நறுக்கு, ஒலிப்பதிவு உருளை இவற்றால் ஆனது. கதை சொல்லி என்று தனியாக ஒருவர் இல்லை. எல்லாக் காகிதமும் வாசகர் கையில் இருக்கிறது, பாத்திரங்களிடம் ஆளுக்கொரு துண்டுதான். பயம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

ஒரு சான்று. மாளிகையில் நடந்ததையெல்லாம் ஜொனதன் எழுதிவைத்த நாட்குறிப்பு மீனாவின் கைக்கு வருகிறது. திருமணத்தன்று அவள் அதை வெள்ளைக் காகிதத்தில் சுற்றுகிறாள், வெளிர்நீல நாடாவால் கட்டுகிறாள், முடிச்சின்மேல் அரக்கு வைத்துத் தன் திருமண மோதிரத்தாலேயே முத்திரை குத்துகிறாள். திறக்க மாட்டேன் என்பது கணவன்மேல் அவளுக்குள்ள நம்பிக்கை. அங்கே அவள் தோழி லூசி நாளுக்கு நாள் வெளுத்துப்போகிறாள். காரணம் அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. நமக்குத் தெரியும், மீனாவுக்குத் தெரியாது. ரத்தம் குடிக்கும் காட்சிகளைவிட அந்த நீல நாடாதான் எனக்கு அதிக நடுக்கம் தந்தது.

இப்போது படத்துக்கு வாருங்கள். வழியில் தங்கிய விடுதியில் கிடைத்த இரத்தக்காட்டேரிகளைப் பற்றிய நூலை ஹுட்டர் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். படிக்காதே என்று எலனிடம் சொல்கிறான். அவள் படித்துவிடுகிறாள். ஓர்லோக்கை எப்படி அழிப்பது என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிகிறது.

நாவலில் மீனா எல்லாருடைய காகிதங்களையும் தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்கி, எல்லாரும் படிக்கும்படி செய்கிறாள். தெரிந்ததைப் பகிர்வதால் வெற்றி. படத்தில் எலன் தெரிந்ததை யாரிடமும் சொல்லாமல் தன்னையே கொடுத்து முடிக்கிறாள். "நாவலில் மீனா பிழைக்கிறாள், படத்தில் எலன் சாகிறாள்" என்று பட்டியலில் ஒரு வரியாகப் போயிருக்க வேண்டியது, இந்த மூன்று பத்தி அட்டவணை போட்டதும் கட்டுரைக்கு ஒரு வாதமாகவே எழுந்து நிற்கிறது.

படி 5: ஒரே காட்சியை அருகில் வைத்துப் பாருங்கள்

முழுக்கதையையும் ஒப்பிட முயலாதீர்கள். ஒரு காட்சி போதும். நான் கப்பலைத்தான் கொடுப்பேன்.

நாவலில் அது ஏழாம் அத்தியாயம். முதலில் ஒரு நாளிதழ்ச் செய்தி: புயலில் 'டெமீட்டர்' என்ற கப்பல் விட்பி துறைமுகத்துக்குள் பாய்ந்து வருகிறது. சுக்கானில் கைகள் கட்டப்பட்ட நிலையில் ஒரு பிணம். கரை தட்டியதும் பெரிய நாய் ஒன்று குதித்து இருளில் ஓடுகிறது. இதன் பிறகுதான் கப்பல் தலைவரின் குறிப்பேடு வருகிறது. ஒருவர் காணவில்லை, இன்னொருவர் காணவில்லை என்று வறண்ட வாக்கியங்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு நாள்நாளாக நம்மை அதை நோக்கி நடக்க வைக்கிறார் ஸ்டோக்கர். டிராகுலா என்ற பெயர் குறிப்பேட்டில் ஓரிடத்திலும் இல்லை. உயரமான, ஒல்லியான ஓர் ஆளை யாரோ பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தச் செய்தி நறுக்கைத் தன் நாட்குறிப்பில் ஒட்டி வைப்பவள் மீனா. தன் ஜொனதனைச் சிறை வைத்தவன் வந்து இறங்கிய செய்தி அது என்று அவளுக்குத் தெரியாது.

படத்தில் வரிசை நேராகிவிடுகிறது. கப்பலின் பெயர் 'எம்புசா'. துணைத்தலைவன் கோடரியோடு கீழே போகிறான், பெட்டியை உடைக்கிறான், எலிகள் கொட்டுகின்றன, ஓர்லோக் கம்புபோல் விறைத்தபடி எழுகிறான். நாவல் ஒளித்ததை முர்னாவ் முழுதாகக் காட்டுகிறார். அப்படிக் காட்டியும் பயம் குறையவில்லையே, ஏன்? அந்தச் சட்டகங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். அவன் எழுவதில் மனித உடல் எழும் முறையே இல்லை, முழங்கால் மடங்குவதில்லை, கை ஊன்றுவதில்லை. ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் உடம்பே இங்கே குறிப்பேட்டின் வேலையைச் செய்கிறது. இப்படி, ஒன்று இழந்ததற்கு ஈடாக மற்றொன்று எதைக் கண்டுபிடித்தது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இங்கே பினாங்குக்காரர்கள் எழுத வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் கப்பலோடு கொள்ளைநோயும் ஊருக்குள் நுழைகிறது, வீட்டுக் கதவுகளில் அடையாளம் இடுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பலில் வந்து இறங்கியவர்கள். நோய் பயத்தால் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. 'கப்பலில் வருகிறவன் நோயைக் கொண்டுவருகிறான்' என்ற பயத்தை முர்னாவ் கரையில் நின்று பார்க்கிறார். நம் குடும்பங்கள் அந்தப் பயத்தைக் கப்பலிலிருந்து பார்த்தவை. இதை எழுத நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? ஆங்கிலத்தில் வந்த விமர்சனத்தைத் திருப்பி எழுதுவதற்குப் பதில் இங்கிருந்து தொடங்குங்கள்.

படி 6: பேய்க்கு என்ன சட்டம்?

எது செய்தால் அது வரும், எது செய்தால் போகும் என்பதை இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மலாய்ப் பெண்பேயான பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் பெண்ணாக மாறிவிடுவாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், பேய்க்குச் சட்டம் உண்டு என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாவலில் டிராகுலா பகலில் லண்டன் பிக்காடில்லி தெருவில் நிற்கிறான். வெயில் அவன் சக்தியைக் குறைக்கும், கொல்லாது. கடைசியில் கத்திகளால்தான் சாகிறான். சூரியன் அவனைக் கரைத்து அழிப்பது முர்னாவின் படத்தில் வருவது. பிறகு வந்த எத்தனையோ படங்கள் அதைப் பழைய ஐதீகம் போலவே எடுத்துக்கொண்டன. ஒரு தழுவல் மூலத்தையே மறக்கடித்த இடம் இது. கட்டுரையில் அரைப் பக்கமாவது இதற்குக் கொடுங்கள்.

படி 7: எழுதுதல்

மூன்றாம் படியில் எழுதிய இரண்டு வரியில் தொடங்குங்கள். கதைச் சுருக்கம் ஐந்து வரிக்குமேல் வேண்டாம். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல ஆசை வந்தால், எந்தக் காட்சியில், எதனால் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தவை

*இசை பற்றி:* தன் பிரதியில் கிட்டார் இசை அலறுவதாக ஒருவர் எழுதியிருந்தார். ஊமைப்படத்துக்கு யார் வேண்டுமானாலும் இசை சேர்க்கலாம், ஆகவே பயம் படத்தால் வந்ததா, பின்னால் சேர்த்த இசையால் வந்ததா என்ற குழப்பம் வரும். தேர்ந்தெடுத்த காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

*பொந்தியானாக் படங்கள் பற்றி:* மலாய்ப் படத்தை வைத்துச் செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' 1957இல் வெளியானது. அதுவும் அடுத்து வந்த படமும் இன்று கிடைப்பதில்லை. 1958இல் வந்த மூன்றாவது படம், 'சும்பா பொந்தியானாக்', கிடைக்கிறது. மூலமாக நாவல் இல்லாததால் நான்காம் படியை விட்டுவிட்டு ஆறாம் படியை விரிவாகச் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதையை முதலில் எழுதிக்கொண்டு அதன்பின் படத்தைப் பாருங்கள்.

*இரண்டாவது கட்டுரைக்கு:* கொப்போலா 1992இல் எடுத்த படத்தை எடுங்கள். தலைப்பிலேயே ஸ்டோக்கரின் பெயர் இருக்கிறது. நாட்குறிப்பு, கடிதம் எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவருகிறது. ஆனால் மீனாவுக்கும் டிராகுலாவுக்கும் இடையே நாவலில் இல்லாத ஒரு காதலைச் சேர்க்கிறது. அந்தக் காதல் வந்ததும் உங்கள் அட்டவணையின் இரண்டாம் பத்தி எப்படி மாறுகிறது என்று போட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குத் தெரியாதது இப்போது மீனாவுக்குத் தெரியும்.