அடுத்தடுத்த மொத்துகைகள்: அடுத்து எது எதை முட்டும்?

உயர்தர இணைந்த கணிதத்தில் நேர்கோட்டு மொத்துகைக் (மோதல்) கணக்குக்கு இரண்டே சமன்பாடுகள்தான் தேவை. ஒன்று உந்தக் காப்பு (திணிவு × வேகம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை மாறாது), மற்றது நியூற்றனின் பரிசோதனை விதி (மோதியபின் விலகும் கதி = மீளமைவுக் குணகம் × மோதுமுன் அணுகும் கதி). இவற்றை எழுதுவதில் பெரிய சிக்கல் இல்லை. "மேலும் ஒரு மொத்துகை நிகழுமெனக் காட்டுக" என்று கேட்கும் இடத்தில்தான் புள்ளிகள் போகின்றன.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒப்பமான கிடை மேசையில் க, ச, ப என்னும் மூன்று துணிக்கைகள் இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் உள்ளன. திணிவுகள் முறையே 1, 2, 4 கிலோகிராம். ச-வும் ப-வும் ஓய்வில் இருக்க, க மட்டும் ச-வை நோக்கிச் செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தில் எறியப்படுகிறது. எந்தச் சோடி மோதினாலும் மீளமைவுக் குணகம் கு (0 < கு ≤ 1).

முதலில் படம். மொத்துகைக்கு முன் ஒரு வரி, பின் ஒரு வரி. பின்வரியில் அம்புக்குறிகள் எல்லாவற்றையும் வலப்பக்கமாகவே இடுங்கள். க திரும்பி வரும் என்று ஊகித்து அம்பைத் திருப்பிப் போட்டால், உந்தச் சமன்பாட்டில் மறைக்குறி போட்டுவிட்டு அடுத்த சமன்பாட்டில் அதை மறப்பது வழக்கமாக நடக்கும். வேகம் மறையாக வந்தால் துணிக்கை இடப்பக்கம் போகிறது, அவ்வளவுதான். குறியீட்டுக்கு மொத்துகையின் இலக்கத்தைக் கீழே போடுங்கள்: முதல் மொத்துகைக்குப் பின் வேகங்கள் க₁, ச₁, இரண்டாவதற்குப் பின் ச₂, ப₂. ஒரே எழுத்தை மூன்று மொத்துகைக்கும் பயன்படுத்தினால் மூன்றாவது வரியில் நீங்களே குழம்புவீர்கள்.

முதல் மொத்துகை:
க₁ + 2ச₁ = 12
ச₁ − க₁ = 12கு

இரண்டாவது வரி எப்போதும் "பின்: வலது கழித்தல் இடது, முன்: இடது கழித்தல் வலது" என்ற ஒழுங்கில் இருக்கட்டும். இரண்டையும் கூட்டினால் க₁ நீங்கிவிடும்.
ச₁ = 4(1 + கு), க₁ = 4(1 − 2கு)

ச₁ > க₁ என்பதால் ச ஓடிப்போய் ப-வை முட்டும். அதற்குள் க அதைப் பிடிக்காது. ச, ப திணிவுகளின் விகிதமும் 1:2 தான். ஆகவே 12 இருந்த இடத்தில் ச₁-ஐ வைத்தால் போதும்:
ச₂ = 4(1 − 2கு)(1 + கு)/3, ப₂ = 4(1 + கு)²/3

இனி, க மறுபடி ச-வை முட்டுமா? முட்டவேண்டுமானால் க₁ > ச₂. இங்கேதான் பொறி. இரு பக்கமும் 4(1 − 2கு) இருப்பதைக் கண்டதும் அதை வெட்டத் தோன்றும். வெட்டினால் 3 > 1 + கு என்று வரும். அது எப்போதும் உண்மை, எனவே எப்போதும் முட்டும் என்று முடித்துவிடலாம். அது பிழை. 1 − 2கு மறையாக இருந்தால் வெட்டும்போது சமனிலிக் குறி திரும்பும். வெட்டாமல் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்:
க₁ − ச₂ = 4(1 − 2கு)(2 − கு)/3

2 − கு எப்போதும் நேர். எனவே கு < 1/2 ஆனால் மட்டுமே மூன்றாவது மொத்துகை நிகழும். கு = 1/2 எனில் க-வும் ச-வும் நின்றுவிடும். கு > 1/2 எனில் இரண்டுமே இடப்பக்கம் திரும்பும், ஆனால் க வேகமாகப் போவதால் ச அதைப் பிடிக்காது. இந்த மூன்று நிலைகளையும் எழுதினால்தான் விடை முழுமை.

கு = 1/4 எனப் பிரதியிடுங்கள். க₁ = 2, ச₁ = 5, ச₂ = 5/6, ப₂ = 25/12. மூன்றாவது மொத்துகையில் முன்வேகங்கள் 2, 5/6. ச-வின் பழைய 5 அல்ல. தவறுதலாக 5-ஐ எடுப்பவர்கள் உண்டு.
க₃ + 2ச₃ = 11/3
ச₃ − க₃ = 7/24

தீர்த்தால் க₃ = 74/72, ச₃ = 95/72. ப-வின் வேகம் 150/72. பகுதி எண்ணைச் சுருக்காமல் பொதுவாக வைத்திருப்பதன் பயன் இங்கே தெரிகிறது: 74, 95, 150 என்று இடமிருந்து வலமாக ஏறுவதால் எதுவும் எதையும் பிடிக்காது. மொத்தம் மூன்று மொத்துகைகளே.

சரிபார்க்க உந்தத்தைக் கூட்டுங்கள்: 74 + 2×95 + 4×150 = 864, அதாவது 12×72. இந்தச் சோதனை உந்தச் சமன்பாட்டுப் பிழையை மட்டுமே பிடிக்கும். பரிசோதனை விதியில் குறி மாறியிருந்தால் காட்டாது. அதற்கு வேறொன்று: மொத்துகைக்குப் பின் இடது துணிக்கை வலதை விட வேகமாக இருந்தால் அது வலதைத் துளைத்துக்கொண்டு போகிறது என்றாகும், எங்கோ குறி தவறு. இயக்கப்பாட்டுச் சக்தியும் கூடக்கூடாது. முதல் மொத்துகையில் அது 72 யூலிலிருந்து 27 ஆகக் குறைந்திருக்கிறது.

குணகம் ஒரு சோடிக்கு உரியது, ஒரு துணிக்கைக்கு உரியதல்ல. நியூற்றன் ஊசற் குண்டுகளை மோதவிட்டுப் பார்த்தபோது கண்ணாடிக்கு 15/16, இறுகச் சுற்றிய கம்பளிக்கு 5/9 என்று கண்டார். ஆகவே வினாவில் இரண்டு குணகங்கள் இருந்தால் எது எந்தச் சோடிக்கென்று படத்திலேயே எழுதிவிடுங்கள்.

சுவர் வந்தால் உந்தக் காப்பை எழுதக்கூடாது. சுவர் துணிக்கைக்குக் கணத்தாக்கு, அதாவது அதன் உந்தத்தை மாற்றும் திடீர் உதை, கொடுக்கிறது. வேகத்தைக் குணகத்தால் பெருக்கித் திசையைத் திருப்பினால் முடிந்தது. ப-வை எடுத்துவிட்டு, ச-வுக்கு 5 மீற்றர் வலப்பக்கம் நிலைக்குத்துச் சுவர் ஒன்றை வையுங்கள்; கு = 1/4, சுவருக்கான குணகம் 1/2. முதல் மொத்துகைக்குப் பின் ச₁ = 5 என்பதால் ச சுவரை அடைய 1 செக்கன். அதற்குள் க 2 மீற்றர் வந்துவிட்டதால் இடைவெளி 3 மீற்றர். 5 என்று எடுப்பதே வழக்கமான தவறு. ச 2.5 வேகத்தில் திரும்ப, க 2 வேகத்தில் எதிரே வர, அணுகும் கதி 4.5. அவை 2/3 செக்கனில், சுவரிலிருந்து 5/3 மீற்றரில் சந்திக்கும்.

கு > 1/2 எனில் க-வே இடப்பக்கம் ஓடும். சுவரில் பட்டுத் திரும்பும் ச அதைத் துரத்திப் பிடிக்கவேண்டும். சுவரின் குணகம் சு என்றால் சு(1 + கு) > 2கு − 1 என்பது நிபந்தனை. கு = 1 ஆனால் சு > 1/2.